பென்டிரைவில் ஃபோல்டர் எல்லாம் காணவில்லை, உதவி தேவை

தக்கலை ஜெராக்ஸ்:
சின்ன கடை. முந்தாநாள் ஒரு தம்பி பத்திர நகல் எடுக்க பென்டிரைவ் கொண்டுவந்தான். செருகியதும் எல்லா ஃபோல்டர் மூலையிலும் வளைந்த அம்புக்குறி. கிளிக் செய்தால் ஒழுங்காகத் திறந்தது, அதனால் கண்டுகொள்ளவில்லை. சாயங்காலத்துக்குள் கடைக்கு வந்த அத்தனை பென்டிரைவிலும் அதே அம்பு. நாலு பேர் திரும்பி வந்து சண்டை. இன்று காலை ஆன்டிவைரஸ் ஓட்டினேன். அம்பு போய்விட்டது, கூடவே ஃபோல்டரும் போய்விட்டது! ஆனால் 9 ஜிபி நிரம்பியிருப்பதாகக் காட்டுகிறது. ஒருவருடைய மகள் கல்யாண ஆல்பம் அதில் இருக்கிறது. ஃபார்மட் போடலாமா?

நாகர்கோவில் சர்வீஸ்:
போட்டுவிடாதீர்கள் அண்ணாச்சி! அந்த 9 ஜிபிதான் ஆல்பம், ஒளித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

முதலில் பென்டிரைவைக் கழற்றிவிட்டுக் கடை கம்ப்யூட்டரில் விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரில் ஆஃப்லைன் ஸ்கேன் ஓட்டுங்கள். அது சுத்தமாகாமல் மறுபடி செருகினால் பழைய கதைதான். அப்புறம் பென்டிரைவைச் செருகி, ஃபைல் எக்ஸ்ப்ளோரர் வியூவில் ஹிட்டன் ஐட்டம்ஸ் டிக் செய்து, ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் 'ஹைட் புரொடெக்டட் ஆபரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' டிக்கை எடுங்கள். பெரும்பாலும் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் எல்லாம் கிடக்கும். படம், பிடிஎஃப் மட்டும் காப்பி செய்துவிட்டு, அதன்பிறகு ஃபார்மட் போடுங்கள். விபிஎஸ், ஈஎக்ஸ்இ என்று முடிகிறவை கிளிக் செய்தால் ஓடக்கூடிய புரோகிராம்கள், அவற்றைத் தொடவேண்டாம்.

தக்கலை ஜெராக்ஸ்:
ஆல்பம் வந்துவிட்டது! ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம். நான் எந்த புரோகிராமையும் ஓட்டவில்லையே, எப்படிப் பரவியது? இதற்கு ஏன் வைரஸ் என்று பெயர் என்று ஒன்பதாவது படிக்கிற மகள் வேறு கேட்கிறாள்.

மட்டிவாழை:
நான் திருவட்டார் பக்கம், விவசாயம். கம்ப்யூட்டர் தெரியாது, வைரஸ் தெரியும். ஒரு வருஷம் வெளியிலிருந்து ஏத்தன் வாழைக் கன்று வாங்கி நட்டேன். பார்க்க நல்ல கன்று. கொஞ்ச நாளில் இலை குறுகி, உச்சியில் கொத்தாகச் சேர்ந்து விறைப்பாக நின்றது. காம்பில் கரும்பச்சைக் கோடுகள், புள்ளியும் கோடுமாக விட்டு விட்டு. முடிக்கொத்து நோய். குலை தள்ளாது, மருந்து கிடையாது, கிழங்கோடு தோண்டி அழிக்க வேண்டியதுதான். அந்த வைரஸுக்குக் காலும் இல்லை, சிறகும் இல்லை. அசுவினிப் பூச்சி சுமக்கும், இல்லையென்றால் காசு கொடுத்து நாமே கன்றோடு சுமந்து வருவோம். பென்டிரைவும் கன்று மாதிரிதானே?

நாகர்கோவில் சர்வீஸ்:
அதேதான் மக்கா! அண்ணாச்சி, நீங்கள் கிளிக் செய்தது ஃபோல்டரை அல்ல, அம்புக்குறி போட்ட ஷார்ட்கட்டை, அதாவது வேறொன்றைத் திறக்கும் குறுக்குவழியை. அந்த ஷார்ட்கட்டின் பிராப்பர்ட்டீஸில் டார்கெட்டைப் பார்த்திருந்தால் 'டபிள்யூஸ்கிரிப்ட்' என்றோ 'சிஎம்டி' என்றோ ஆரம்பித்திருக்கும், இரண்டுமே விண்டோஸில் கட்டளைகளை ஓட்டுபவை. முதலில் வைரஸை ஓட்டிவிட்டு, பிறகு ஃபோல்டரைத் திறந்து காட்டும். அதனால்தான் சந்தேகமே வராது.

பெயர் விஷயம்: 1983-ல் அமெரிக்காவில் ஃபிரெட் கோஹன் என்ற மாணவர் தன்னைத்தானே நகலெடுக்கும் புரோகிராமைச் செய்து காட்டினார். அவருடைய ஆசிரியர் லென் ஏடில்மன்தான் வைரஸ் என்று அழைக்கச் சொன்னார். பெயர் வருவதற்கு முன்பே, 1982-ல், 15 வயதுப் பையன் ஒருவன் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கு எழுதிய எல்க் குளோனர் என்ற வைரஸ் ஃபிளாப்பியில் பரவியது. 1986-ல் லாகூர் சகோதரர்கள் எழுதிய பிரெய்ன் வைரஸ் இன்னும் வேடிக்கை, உள்ளேயே தங்கள் முகவரியும் போன் நம்பரும் போட்டிருந்தார்கள்!

பயாலஜி டீச்சர்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நிஜ வைரஸ் பிடிபட்டதும் செடியில்தான் என்று மகளிடம் சொல்லுங்கள். புகையிலைத் தேமல் நோய். 1892-ல் ரஷ்யாவில் இவனோவ்ஸ்கி நோயுற்ற இலைச் சாற்றைப் பாக்டீரியா புகமுடியாத வடிகட்டியில் வடித்தார், வடிந்த சாறும் நோயைக் கொடுத்தது. 1898-ல் பெய்ஜெரிங்க் அதற்கு வைரஸ் என்ற சொல்லைப் பயன்படுத்தினார், லத்தீனில் விஷம் என்று பொருள். 1935-ல் ஸ்டான்லி அதை உப்புப் போலப் படிகமாக்கினார். தனியாக இருந்தால் அது சும்மா கிடக்கும். செல்லுக்குள் போனால் செல்லின் இயந்திரத்தை வைத்தே தன்னை அச்சடித்துக்கொள்ளும், உங்கள் ஜெராக்ஸ் மெஷினில் வேறொருவர் நோட்டீஸ் அடிப்பதுபோல.

ஆனால் ஒப்பீட்டை ரொம்ப இழுக்கக் கூடாது. கம்ப்யூட்டர் வைரஸை யாரோ உட்கார்ந்து எழுதுகிறார். மற்றதை யாரும் எழுதவில்லை. செல்லிலிருந்து தப்பிய மரபணுத் துண்டு என்பார்கள், தேய்ந்துபோன ஒட்டுண்ணி என்பார்கள், செல்லுக்கே மூத்தது என்றும் சிலர். நகலெடுக்கும்போது நேரும் பிழையால் தானாகவே மாறவும் செய்யும்.

தக்கலை ஜெராக்ஸ்:
மகளுக்கு வாசித்துக் காட்டினேன். கடையில் 'பென்டிரைவ் வேண்டாம், வாட்ஸ்அப்பில் அனுப்பவும்' என்று எழுதி ஒட்டிவிட்டேன். சண்டை போட்ட நாலு பேருக்கும் சரிசெய்து கொடுத்தாயிற்று. முதலில் வந்த அந்தத் தம்பியின் நம்பர்தான் என்னிடம் இல்லை.