ஹெலிபேட் அனுமதி: தளம் அவர்கள் மனையில், வழி நம் கூரை மேல்

உங்கள் பகுதியில் ஹெலிபேட் வந்திருந்தாலோ, வருவதாகப் பேச்சு இருந்தாலோ, உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள். என்னுடையதில் தொடங்குகிறேன்.

மருத்துவமனைக்குப் பின்தெருவில் வசிப்பவர்

எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மருத்துவமனை, ஹெலிபேட் கட்ட உள்ளாட்சியிடம் நிலப் பயன்பாட்டு அனுமதி கேட்டது. கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு முன்பே போய் விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்தேன். தளத்தின் நீள அகலம், விளக்குகள், வேலி, தீயணைப்பு ஏற்பாடு எல்லாம் தெளிவாக இருந்தன. ஆனால் வரைபடம் மருத்துவமனையின் எல்லைச் சுவரோடு நின்றுவிட்டது. ஹெலிகாப்டர் எந்தப் பக்கம் வரும், எந்தப் பக்கம் கிளம்பும் என்று ஒரு கோடுகூட இல்லை.

கூட்டத்தில் எழுந்து அதைத்தான் கேட்டேன். "அதெல்லாம் விமானத் துறை பார்த்துக்கொள்ளும்" என்று பதில் வந்தது. இந்தப் பதிலில் பாதிதான் உண்மை. பறக்கும் ஹெலிகாப்டருக்கு உள்ளாட்சி உத்தரவு போட முடியாது, சரி. அமெரிக்காவில் பர்பேங்க் நகரம் இரவில் ஜெட் விமானங்கள் கிளம்பக் கூடாது என்று விதி போட்டபோது, வான்வெளி மத்திய அரசின் பொறுப்பு என்று சொல்லி 1973-இல் உச்ச நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாததாக்கியது. ஆனால் ஒரு மனையை இறங்குதளமாகப் பயன்படுத்தலாமா, என்ன நிபந்தனையோடு பயன்படுத்தலாம் என்பது நிலம் சார்ந்த கேள்வி. அதை உள்ளாட்சிதான் முடிவு செய்ய வேண்டும். விமானத் துறை பாதுகாப்பைப் பார்த்து ஒப்புதல் கொடுத்துவிட்டது என்பதற்காக இந்த அனுமதி தானாக வந்துவிடாது.

கடைசியில் விண்ணப்பம் திருப்பி அனுப்பப்பட்டு, பறக்கும் வழி குறித்த வரைபடத்தோடு மறுபடி வந்தது. அந்த வரைபடத்தையே அனுமதி ஆணையின் பகுதியாகச் சேர்த்தார்கள். எரிபொருள் சேமிப்பு கூடாது, பழுது பார்க்கக் கூடாது, நோயாளியோ உறுப்பு மாற்றுக் குழுவோ தவிர வேறு யாருக்காகவும் இறங்கக் கூடாது என்றும் எழுதினார்கள். நேரக் கட்டுப்பாடு வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். நான் எதிர்த்தேன். விபத்தில் அடிபட்டவர் விடியும் வரை காத்திருக்க முடியாது.

மருத்துவ ஹெலிகாப்டர் ஓட்டுபவர்

வழி எங்கே என்று முதலில் கேட்டது சரியான கேள்வி. ஹெலிகாப்டர் லிஃப்ட் மாதிரி நேராக மேலே ஏறி நேராக இறங்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். சாதாரணமாக அப்படிச் செய்வதில்லை. முன்னோக்கி வேகம் இருந்தால்தான் எஞ்சின் கோளாறு வந்தாலும் பத்திரமாக இறக்க வாய்ப்பு உண்டு. அதனால் சரிவாக வருவோம், சரிவாகப் போவோம்.

அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.ஏ.ஏ.வின் வழிகாட்டுதலில் இந்தச் சரிவு எட்டுக்கு ஒன்று: 8 மீட்டர் தள்ளிப் போனால் 1 மீட்டர் உயரம். இது 4,000 அடி, அதாவது சுமார் 1.2 கிலோமீட்டர் வரை நீளும். முடிவில் 500 அடி அகலம். கணக்குப் போட்டுப் பாருங்கள். தொடக்க விளிம்பிலிருந்து 80 மீட்டர் தூரத்தில், தளத்தைவிட 10 மீட்டருக்கு மேல் உயர்ந்த எதுவும் வழியில் நீட்டிக்கொண்டிருக்கும். மரமும் கைபேசிக் கோபுரமும் இதில் அடக்கம். காற்று திரும்பினால் நாங்களும் திரும்ப வேண்டும், அதனால் ஒரு வழி போதாது. ஒன்றுக்கொன்று குறைந்தது 135 பாகை விலகிய இரண்டு வழிகள் இருப்பது நல்லது.

இறக்கைக் காற்றையும் விண்ணப்பத்தில் பாருங்கள். தளத்துக்குப் பக்கத்திலேயே வாகன நிறுத்துமிடம் காட்டியிருந்தால் கட்டாயம் கேள்வி கேளுங்கள். பெரிய ஹெலிகாப்டர் இறங்கும்போது தகரமும் கல்லும் பறக்கும். ஆளைக் கீழே தள்ளும் அளவுக்குக்கூடக் காற்று அடிக்கும்.

தனியார் ஹெலிபேட் பக்கத்தில் வசிப்பவர்

எங்கள் பகுதியில் வந்தது மருத்துவத் தளம் இல்லை, ஒருவருடைய சொந்தப் பயன்பாட்டுக்கு. ஒலி அறிக்கையில் எல்லாம் வரம்புக்குள் என்று இருந்தது. எப்படி என்று பிறகுதான் புரிந்தது. அமெரிக்காவில் குடியிருப்புக்கு 65 டெசிபெல் என்கிறார்களே, அது ஒரு வினாடியின் சத்தம் இல்லை, நாள் முழுவதற்குமான சராசரி. இரவு 10 முதல் காலை 7 வரை வரும் சத்தத்துக்கு 10 டெசிபெல் கூட்டிக் கணக்கிடுவார்கள். அப்படியும் நாளுக்கு இரண்டு மூன்று முறை மட்டும் வரும் ஹெலிகாப்டரின் சத்தம் 24 மணி நேரச் சராசரியில் கரைந்துவிடும். ஜன்னல் அதிர்ந்து குழந்தை எழுந்து அழுவது அந்த எண்ணில் தெரியாது. ஒவ்வொரு முறை பறக்கும்போதும் வரும் ஒலி அளவைத் தனியாகக் கேளுங்கள். நாளுக்கு எத்தனை முறை என்ற உச்ச வரம்பையும் ஆணையில் எழுதச் சொல்லுங்கள். "அவ்வப்போது" என்று மட்டும் எழுதினால், நாளை எத்தனை முறை வந்தாலும் அது அவ்வப்போதுதான்.

கட்டட வடிவமைப்பாளர்

கூரை மேல் தளம் பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். பிரேசிலின் சாவ் பாலோவில் நடந்த இரண்டு தீ விபத்துகளைச் சொல்வேன். 1972-இல் ஆண்ட்ராஸ் கட்டடம் எரிந்தபோது கூரையில் தளம் இருந்தது. ஹெலிகாப்டர்கள் இறங்கி நூற்றுக்கணக்கானவர்களை மீட்டன. 1974-இல் ஜோயெல்மா கட்டடத்தில் தளம் இல்லை. கூரைக்கு ஓடியவர்களை வெப்பத்தையும் புகையையும் மீறி ஹெலிகாப்டர்கள் நெருங்க முடியவில்லை. அதே ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் உயரமான புதுக் கட்டடங்களின் கூரையில் அவசர இறங்குதளத்தைக் கட்டாயமாக்கியது. நாற்பது ஆண்டு கழித்து, நீர்த் தெளிப்பான்களும் தீயணைப்பு லிஃப்டுகளும் மேம்பட்ட பிறகு, 2014-இல் அதைத் தளர்த்தியது.

மறுபக்கமும் இருக்கிறது. நியூயார்க்கின் பான் ஆம் கட்டடக் கூரையில் பயணிகள் சேவையே நடந்தது. 1977 மே 16 அன்று நின்றுகொண்டிருந்த ஹெலிகாப்டரின் சக்கரத் தாங்கி ஒடிந்து, சுழன்ற இறக்கை கூரையில் நால்வரைக் கொன்றது. உடைந்து கீழே போன துண்டு தெருவில் நடந்துகொண்டிருந்த ஒரு பெண்ணின் உயிரையும் எடுத்தது. அந்தக் கூரைச் சேவை அதோடு முடிந்தது. அவசரத்துக்கு மட்டுமான தளமும் தினசரிப் போக்குவரத்துத் தளமும் ஒரே விதிக்குள் வரக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

நகரமைப்புப் பிரிவில் வேலை பார்ப்பவர்

அப்படிப் பிரித்து எழுதாத விதிகளோடுதான் நாங்கள் மல்லுக்கட்டுகிறோம். பல ஊர் விதிகளில் ஹெலிபேட் என்ற சொல்லே இருக்காது. விதியில் இல்லாத பயன்பாடு தடை என்று ஒருவர் வாதிடுவார், மருத்துவமனைக்குத் துணையான பயன்பாடு என்று இன்னொருவர் வாதிடுவார். தற்காலிக இறக்கத்துக்கும் தெளிவு வேண்டும். எஃப்.ஏ.ஏ.வுக்குப் புதுத் தளம் பற்றி 90 நாள் முன்பே அறிவிக்க வேண்டும். ஆனால் தெளிந்த வானிலையில் மட்டும், 30 நாளுக்குள், நாளுக்கு 10 முறைக்கு மேற்படாமல் பயன்படுத்தும் இடத்துக்கு விலக்கு உண்டு. உள்ளூர் விதியில் அந்த விலக்கு இருக்கிறதா என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றென்று எண்ணி வந்து மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

என் பெரிய கவலை தளம் வந்த பிறகு நடப்பது. பெரும்பாலான மருத்துவமனைத் தளங்கள் தனியார் பயன்பாடு என்ற வகையில் வருகின்றன. பொது விமான நிலையங்களைச் சுற்றியுள்ள உயரத் தடைகளைக் கண்காணிக்கும் அமெரிக்க விதி பொதுவாக இவற்றுக்குப் பொருந்தாது. பக்கத்து மனைக்காரர் அனுமதிக்கப்பட்ட உயரத்துக்குக் கட்டடம் எழுப்பினால், அவர் மீது தவறே இல்லை. ஆனால் ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டரின் ஒரு வழி அடைபட்டுவிடும். அதைத் தடுக்க உள்ளாட்சிதான் பறக்கும் வழிக்குக் கீழே உள்ள மனைகளுக்கு உயர வரம்பு போட வேண்டும். அந்த மனைக்காரர்களையும் முதல் கூட்டத்துக்கே அழைக்க வேண்டும், அவர்கள் உரிமையும் குறைகிறதல்லவா.

பின்தெருவில் வசிப்பவர்

மேலே சொன்னது எங்கள் ஆணையில் இல்லை. வழியை வரைந்தோம், அதைக் காக்க எதுவும் எழுதவில்லை. வழிக்குக் கீழே இரண்டு காலி மனைகள் இருக்கின்றன. உயர வரம்பு கேட்டு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன், முதலில் அந்த மனைக்காரர்களைப் பார்த்துப் பேசப் போகிறேன். பறக்கும் வழிக்குக் கீழே கிரேன் நிறுத்துபவர்கள் மருத்துவமனைக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனையை யாராவது தங்கள் ஊரில் எழுத வைத்திருந்தால், அந்த வாசகத்தை இங்கே போடுங்கள்.