மறு: மூடிய சட்டியில் வேகும் கோழிக்கு ஒரு வினைச்சொல் – ‘புழுக்கு’ என முன்மொழிகிறேன்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். நான்கு நாள்களாக இந்த இழையைப் படித்துக்கொண்டுதான் இருந்தேன். சட்டியை அடுப்பில் ஏற்றிப் பார்க்காமல் சொல்லைப் பற்றிப் பேச மனம் வரவில்லை. நேற்று மாலை ஏற்றினேன். இப்போது சொல்வதற்கு ஒன்று இருக்கிறது.

கேள்வி இதுதான். கரீபியக் கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான குவாதலூப்பில், கிரெயோல் மக்களின் (ஆப்பிரிக்க, ஐரோப்பிய, இந்திய வழிகள் கலந்த தீவு மக்களின்) சமையலான ‘கொலம்போ’ கோழியைத் தமிழில் எழுதிவரும் நண்பர், ஓர் இடத்தில் நின்றுவிட்டார். கோழியைச் சிவக்க வறுத்து, ஒரு சிறு தம்ளர் நீர் மட்டும் விட்டு, மூடி போட்டு, சிறு தீயில் முக்கால் மணி நேரம் விடச் சொல்கிறது குறிப்பு. இப்படி மூடிய சட்டியில் வேகவைப்பதைப் பிரெஞ்சுக்காரர்கள் ‘எட்டூஃபே’ என்கிறார்கள். நாம் என்ன சொல்வது?

இதுவரை வந்த முன்மொழிவுகள் ‘தணல்வேகல்’, ‘குறைநீர் அவியல்’, ‘மூடுவேக்காடு’, ‘தம்’ ஆகியவை. என் முன்மொழிவு ‘புழுக்கு’.

முதலில் சட்டிக்குள் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஒன்றரை கிலோ நாட்டுக்கோழி. எலுமிச்சைச் சாற்றில் கழுவி, பூண்டு, வெங்காயத் தாள், கொலம்போப் பொடி, உப்பு சேர்த்துக் காலையிலேயே ஊறவைத்தேன். தைம் என்ற ஐரோப்பிய மணத்தழைக்குப் பதிலாகக் கற்பூரவள்ளியைக் கிள்ளிப் போட்டேன். இது என் கண்டுபிடிப்பு இல்லை. அந்தத் தீவுகளில் ‘குரோ தைம்’ என்று சமையலில் சேர்ப்பதே நம் தொட்டியில் வளரும் அந்தக் கற்பூரவள்ளியைத்தான். பொடியை வீட்டில் அரைத்தேன்: மல்லி, சீரகம், மிளகு, கடுகு, வெந்தயம், மஞ்சள், அவற்றோடு ஒரு கை வறுத்த அரிசி. அரிசிதான் கடைசியில் சாற்றைக் கெட்டிப்படுத்துகிறது.

மாலையில் எண்ணெயில் கோழித் துண்டுகளைச் சிவக்க வறுத்தேன். இந்தப் படியைத் தவிர்க்க முடியாது. நீர் இருக்கும் வரை சட்டியின் சூடு 100 பாகையைத் தாண்டாது. இறைச்சி சிவந்து மணம் எழ அதைவிட வெகுவாகக் கூடுதல் சூடு வேண்டும். ஆகவே சிவக்கவைப்பது முன்னால், நீர் பின்னால். பிறகு நீர் விட்டு, கத்திரிக்காய், உருளைக்கிழங்கு, சௌசௌ ஆகியவற்றை அடுக்கி, ஒரு மிளகாயைக் கீறாமல் முழுதாக மேலே வைத்து மூடினேன். (சௌசௌவை அங்கே ‘கிறிஸ்தோஃபின்’ என்பார்கள். மிளகாய் வெடித்துவிட்டால் காரம் தாங்காது; அந்தத் தீவுக்காரர்கள் அதைக் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொள்வார்கள்.)

அதன்பின் நடந்ததுதான் நம் சொல்லுக்கான பொருள். நான் விட்டது ஒரு தம்ளர் நீர். முக்கால் மணி கழித்துத் திறந்தபோது சட்டியில் இருந்தது அதைப்போல இரு மடங்கு. கோழியும் காயும் விட்ட நீர் ஆவியாகி, மூடியில் மோதி, மீண்டும் துளித்துளியாகக் கறியின் மேலேயே விழுந்துகொண்டிருந்தது. வெளியே போக வழியில்லாத ஈரமும் சூடும் சேர்ந்து நாட்டுக்கோழியின் கெட்டியான சவ்வுகளைக் கரைத்துக் கூழாக்கியிருந்தன. வேகவைத்தது நான் ஊற்றிய நீர் அன்று, அடைபட்ட ஆவி.

ஈரமும் சூடும் அடைபட்டு, காற்று வெளியேற வழியின்றி நிற்கும் நிலைக்குத் தமிழன் பெயர் வைத்துவிட்டான். ஐப்பசி மாதத்தில் மழை வருவதற்கு முந்தைய பிற்பகலில் வாசலில் நின்று நாம் எல்லோரும் சொல்கிற சொல் அது. புழுக்கம்.

இந்த ஒப்புமை எனக்கு மட்டும் தோன்றியதில்லை. பிரெஞ்சு மொழியும் இதே வழியில்தான் போயிருக்கிறது. ‘எட்டூஃபே’ என்றால் மூச்சுத் திணறவைத்தல். அதே வேரிலிருந்து வரும் ‘எட்டூஃபான்’ என்ற சொல்லைப் புழுக்கமான வானிலைக்கு வழங்குகிறார்கள். சட்டிக்கும் வானிலைக்கும் ஒரே சொல்! அமெரிக்காவின் லூசியானாவில் கிரெயோல் மக்கள் சோற்றின் மேல் ஊற்றும் ‘எட்டூஃபே’யும் இதே சொல்தான். அங்கே கொலம்போப் பொடி இல்லை. வெங்காயம், செலரி, குடைமிளகாய் என்ற மூன்றும்தான் அடித்தளம். ஆனால் மூடியும் சிறு தீயும் அதேதான். ஒரு சொல் இரண்டு கடற்கரைகளுக்கும் பொருந்துகிறது என்றால் அது நல்ல கலைச்சொல்.

‘புழுக்கு’ நான் உருவாக்கிய சொல்லும் இல்லை. பொருநராற்றுப்படையில் கரிகாலன் பொருநனுக்குப் படைத்த விருந்தில் ‘துருவையம் புழுக்கு’ வருகிறது. துருவை என்றால் செம்மறி. அதை அடுத்து ‘காழிற் சுட்ட கோழூன்’ வருகிறது, அதாவது கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த ஊன். சுட்டதும் புழுக்கியதும் வேறுவேறு என்று அந்தப் புலவர் பிரித்தே வைத்திருக்கிறார். இன்றும் மலையாளத்தில் கப்பைப் புழுக்கு, திருவாதிரைப் புழுக்கு என்று சொல் அடுப்பங்கரையிலேயே உயிரோடு இருக்கிறது. நம்மிடம் அது பெரும்பாலும் புழுங்கல் அரிசியில் ஒதுங்கிக் கிடக்கிறது. அதை மறுபடி சட்டிக்குள் அழைத்துவர வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

இனி மற்ற முன்மொழிவுகள்.

> ‘பிரேஸ்’ என்றால் பிரெஞ்சில் தணல். எனவே தணல்வேகல்.

இப்படி மூடி வேகவைப்பதை ஆங்கிலத்தில் ‘பிரேஸ்’ என்பார்கள்; அதன் வேர் நீங்கள் சொன்னது சரிதான், ஐயா. முன்பு சட்டியின் கீழும் மூடியின் மேலும் தணல் வைத்தார்கள். அதனால் வந்த பெயர். ஆனால் இன்று தணல் போய்விட்டது, மூடி நிற்கிறது. தணல் என்று எழுதினால் படிப்பவர் கம்பிவலையில் வாட்டப் போய்விடுவார். மேலும், அதே தீவுகளில் கரும்புச் சக்கையின் புகையில் வாட்டும் ‘புக்கானே’ கோழி ஒன்று இருக்கிறது. தணல், புகை என்ற சொற்கள் அதற்கு வேண்டும். இப்போதே செலவழித்துவிடக் கூடாது.

‘குறைநீர் அவியல்’ வரையறையாக நன்றாக இருக்கிறது, சொல்லாக இல்லை. அவியல் என்றதும் இலையில் தேங்காயும் தயிரும் சேர்ந்த காய்க்கறிதான் வந்து உட்காரும்.

‘மூடுவேக்காடு’ எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் வினையாக்கிப் பாருங்கள். ‘கோழியை மூடுவேக்காடு செய்யவும்.’ எந்த அம்மாவும் இப்படிப் பேசியதில்லை. ‘புழுக்கு’வில் இந்தத் தொல்லை இல்லை. முடங்கு–முடக்கு, அடங்கு–அடக்கு போலப் புழுங்கு–புழுக்கு. ‘கோழி புழுங்கட்டும்’, ‘கோழியைப் புழுக்கவும்’, ‘புழுக்கிய கோழி’. தன்வினை, பிறவினை, பெயரெச்சம் மூன்றும் தாமாகவே வந்து நிற்கின்றன.

‘தம்’ பற்றி அம்மையார் ஒருவர் எழுதியதை மதிக்கிறேன். பாரசீகத்திலிருந்து வந்த சொல்; மூச்சு என்று பொருள். நம் சமையலில் முழு உரிமையோடு குடியிருக்கிறது. அதை அயற்சொல் என்று விலக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் நம் ஊர்களில் ‘தம் போடுதல்’ என்றால் பிரியாணியின் கடைசிக் கட்டம். அரிசி முக்கால் பதம் வெந்தபின் மூடி, மேலே கங்கு வைத்து அமைதியாக விடுவது. இங்கே பாதி வெந்த கோழி தொடக்கத்திலிருந்து முடிவு வரை தன் நீரிலேயே வேகிறது. இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்தால் பிரியாணிக்காரர்தான் முதலில் சண்டைக்கு வருவார்.

> புழுக்கு என்றால் புழு நினைவுக்கு வருகிறது. மனப்புழுக்கம் என்று துன்பத்துக்கும் சொல்கிறோம்.

வேதலுக்கும் இதே கதிதானே? ‘வெந்த புண்’ என்கிறோம். அதற்காகச் சோறு வேகாமல் இல்லை. புழுங்கல் அரிசிச் சோற்றை நாள்தோறும் உண்கிறோம். புழு ஒருவருக்கும் நினைவு வருவதில்லை. பழகினால் காது அடங்கிவிடும்.

நியாயமான ஐயம் வேறொன்று உண்டு. ‘புழுக்கு’ என்ற சொல்லில் சிவக்க வறுக்கும் முதல் படி இல்லை. உண்மை. அது இல்லாமலும் புழுக்கலாம். கத்திரிக்காயை அப்படிச் செய்யலாம். வறுத்தபின் புழுக்குவதற்கு வறுகடலை போல ‘வறுபுழுக்கு’ என்று வினைத்தொகையாக வைத்துக்கொள்ளலாமா? இதில் நான் பிடிவாதமாக இல்லை.

இன்னும் இரண்டு செய்திகள். குறிப்பில் வரும் ‘கிரேன் அ ரூசிர்’ என்பதற்குப் ‘பொன்னிற விதைக்கலவை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். கடுகு, வெந்தயம், சீரகம் மூன்றையும் எண்ணெயில் பொரியவிடுவதற்குப் பெயர் தாளிப்பு. அது கடல் கடந்து போன நம் தாளிப்பேதான். 1848இல் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமைமுறை ஒழிந்தபின், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டிப் பாண்டிச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பல் கப்பலாக ஏற்றினார்கள். ‘ஓரேலி’ என்ற கப்பல் 1854 டிசம்பர் 24 அன்று குவாதலூப்பை அடைந்தது. மாரியம்மனை ‘மலியெமென்’ என்று இன்றும் அங்கே வழிபடுகிறார்கள். அவர்கள் மறக்காத தாளிப்பை நாம் ‘விதைக்கலவை’ என்று எழுதினால் அது எனக்கு வலிக்கிறது.

ஆனால் அதே காரணத்தால் ‘கொலம்போ’வைக் ‘குழம்பு’ என்று திருத்த வேண்டும் என்ற கருத்தை நான் ஏற்கவில்லை. கொழும்பு நகரின் பெயரே கொலம்போ ஆயிற்று என்பார் உண்டு. குழம்பு என்ற சொல்தான் என்பாரும் உண்டு. நான் இரண்டாம் அணி. இருந்தாலும் அந்தச் சட்டியில் நம் மல்லியும் சீரகமும் மட்டுமா இருக்கின்றன? அமெரிக்க மண்ணின் மிளகாய், ஐரோப்பியத் தைம், ஆப்பிரிக்காவிலிருந்து இழுத்துவரப்பட்டவர்களின் கைப்பக்குவம் எல்லாம் சேர்ந்து ஆனது அது. உணவின் பெயர் அதைச் சமைத்த மக்களுடையது; அவர்கள் வைத்தபடியே இருக்கட்டும். செய்முறையின் சொல் சமைக்கப்போகும் நம்முடையது. அது நம் அடுப்பங்கரையிலிருந்து வரட்டும். ‘கிரெயோல்’ என்பதையும் ‘கலப்பினச் சமையல்’ என்று மாற்ற வேண்டாம். ஒரு மக்கள் தம்மை அழைத்துக்கொள்ளும் பெயரை மாட்டுப்பண்ணைச் சொல்லால் பெயர்ப்பது தகாது.

நண்பரின் வரி இப்படி அமையலாம்: ‘சிவந்த கோழித் துண்டுகளுடன் காய்களைச் சேர்த்து, ஒரு சிறு தம்ளர் நீர் விட்டு மூடி, சிறு தீயில் முக்கால் மணி நேரம் புழுக்கவும். இடையில் திறக்க வேண்டாம். வெள்ளைச் சோற்றுடன் பரிமாறவும்.’

நேற்று என் வீட்டில் இந்த வரியை மட்டும் படித்துக் காட்டினேன். என் மாமியார் விளக்கம் கேட்கவில்லை. மூடியின் மேல் ஒரு கனமான கல்லை எடுத்துவைத்தார்.

குமரி மாவட்டத்து நண்பர்கள் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் வீடுகளில் பெயர்ச்சொல்லாக வழங்குவது ‘புழுக்கு’வா, ‘புழுக்கல்’லா? தலைச்சொல்லாக எதைப் பதிவது என்பதை உங்கள் விடை பார்த்து முடிவு செய்யலாம்.

அன்புடன்,
புதுச்சேரியிலிருந்து