பிஎஸ்டி மாநாடுகளில் கேட்ட பேச்சாளர்கள்: உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

டொராண்டோவிலிருந்து

பிஎஸ்டி என்றால் சர்வர் வேலையில் இருப்பவர்களிலேயே பலருக்கு "ஏதோ பழைய யூனிக்ஸ்" என்பதோடு சரி. ஃப்ரீபிஎஸ்டி, நெட்பிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளங்கள் எல்லாமே கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எழுதிய நிரலிலிருந்து கிளைத்தவை. ஆட்கள் குறைவு, பிடிவாதம் அதிகம். ஒட்டாவா பல்கலைக்கழகத்தில் 2004 முதல் பிஎஸ்டிகேன் மாநாடு நடக்கிறது. யூரோபிஎஸ்டிகான் ஆண்டுக்கு ஓர் ஊர் மாறும். ஏசியாபிஎஸ்டிகான் பெரும்பாலும் டோக்கியோவில். கூட்டம் சில நூறு பேரைத் தாண்டாது. மேடையில் பேசுகிறவர் அந்த நிரலை எழுதியவராகவே இருப்பார், எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் பலர் அதில் கைவைத்தவர்களாக இருப்பார்கள். வேறு மாநாடுகளில் இந்த ருசி கிடைக்காது.

போனவர்கள் எழுதுங்கள். நான் 2014 பிஎஸ்டிகேனிலிருந்து தொடங்குகிறேன்.

அந்த ஏப்ரல் 7ஆம் தேதி, இணையத் தொடர்புகளைக் குறியாக்கும் ஓபன்எஸ்எஸ்எல் நூலகத்தில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்து உலகமே சான்றிதழ் மாற்றிக்கொண்டிருந்தது. ஓபன்பிஎஸ்டிக்காரர்கள் ஓபன்எஸ்எஸ்எல்லைக் கிளைபிரித்து, அதாவது அதன் நிரலை எடுத்துத் தனியாக வளர்க்கத் தொடங்கி, லிப்ரெஎஸ்எஸ்எல் என்று பெயர் வைத்து, ஏப்ரல் முடிவதற்குள் சி மொழியில் எழுதிய 90 ஆயிரம் வரி நிரலை வெட்டிப்போட்டிருந்தார்கள். மே 17 அன்று அவர்களில் ஒருவரான பாப் பெக் மேடையேறி முதல் 30 நாட்களின் கதையைச் சொன்னார். ஸ்லைடு முழுக்க காமிக் சான்ஸ் எழுத்துரு! அழகுபடுத்தி ஏமாற்ற மாட்டோம் என்பது போல ஒரு வீம்பு.

பலரும் நினைப்பது போல ஹார்ட்பிளீடுக்காக மட்டும் அவர்கள் கிளைபிரிக்கவில்லை என்பது அங்கேதான் எனக்குப் புரிந்தது. ஓட்டை எல்லா மென்பொருளிலும் வரும். அவர்களைக் கடுப்பேற்றியது வேறு. ஓபன்எஸ்எஸ்எல் தனக்கென்று ஒரு நினைவக ஒதுக்கீட்டு அடுக்கு வைத்திருந்தது. விடுவித்த நினைவகத்தை இயங்குதளத்திடம் திருப்பிக் கொடுக்காமல் தன் பட்டியலில் வைத்துக்கொண்டு மறுபடி அதையே எடுத்துப் பயன்படுத்தும். ஓபன்பிஎஸ்டியில் நினைவகத்தை ஒதுக்கித் தரும் மல்லாக், விடுவித்த இடத்தை யாராவது தொட்டால் நிரலை அங்கேயே விழவைக்கும். அந்தக் காவல் முழுக்க இதனால் வீணாகிப்போனது. அப்புறம் விஎம்எஸ், 16 பிட் விண்டோஸ் என்று எவரும் தொடாத தளங்களுக்கான நிரல் வேறு. அவற்றை ஒவ்வொன்றாகக் காட்டக் காட்ட அரங்கில் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை, எங்கள் அலுவலகத்தில் அதே நூலகம்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஒட்டாவாவிலிருந்து

2018ஐ யாரும் சொல்லாமல் விட்டுவிடக் கூடாது என்பதால் முந்திக்கொள்கிறேன்.

அந்த ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற சிப் ஓட்டைகள் வெளியாகியிருந்தன. பெரிய நிறுவனங்களுக்கு மாதக்கணக்கில் முன்பே ரகசியமாகச் சொல்லியிருந்தார்கள், ஓபன்பிஎஸ்டிக்குச் சொல்லவில்லை. ஜூனில் ஓபன்பிஎஸ்டியைத் தொடங்கிய தியோ டி ராட் பிஎஸ்டிகேனில் இன்டெல் சிப்களைப் பற்றிப் பேசினார். தங்களிடம் ரகசிய ஒப்பந்தம் ஏதும் இல்லை, காதில் விழுந்த வதந்தியை வைத்துத்தான் வேலை செய்கிறோம் என்பது அவர் நிலை. ஆனால் அந்த வதந்தி எந்தப் பக்கம் கைகாட்டியது என்பதுதான் விஷயம். மிதவைப் புள்ளிக் கணக்குக்காகச் சிப்புக்குள் இருக்கும் சின்னச் சேமிப்பிடங்கள், அதாவது பதிவகங்கள்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஒரு நிரலிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது இந்தப் பதிவகங்களைச் சேமித்து மாற்றுவதற்கு நேரம் பிடிக்கும். புது நிரல் அவற்றைத் தொடாமலே போகலாம் என்பதால், பழைய நிரலின் மதிப்புகளை அப்படியே விட்டுவைத்து, தொட்டால் மட்டும் மாற்றுவார்கள். பல காலமாக எல்லோரும் செய்த சிக்கனம் இது. சிக்கல் என்னவென்றால், இன்டெல் சிப் முன்கூட்டி ஊகித்து ஓடும் வேளையில் அந்தப் பழைய மதிப்புகளைப் பார்த்துவிடும், அதன் தடம் சிப்பின் தற்காலிக நினைவகமான கேஷில் தங்கிவிடும். ஏஇஎஸ் குறியாக்கத்தின் சாவிகள் இப்படிப்பட்ட பதிவகங்களில்தான் உட்கார்ந்திருக்கும் என்பதை நினைத்தால் வயிறு கலங்கும். ஓபன்பிஎஸ்டி அதற்குள் சிக்கனத்தைக் கைவிட்டு, ஒவ்வொரு தாவலிலும் உடனே மாற்றும் முறைக்குப் போயிருந்தது.

கேட்டுக்கொண்டிருந்தவர்களில் காலின் பெர்சிவல் ஒருவர். ஃப்ரீபிஎஸ்டியின் பாதுகாப்புப் பொறுப்பில் முன்பு இருந்தவர், 2005இலேயே ஒரே சிப் கருவில் இரண்டு வேலைகளைச் சேர்த்து ஓட்டும் இன்டெலின் ஹைப்பர்திரெடிங் வழியாகச் சாவி கசியும் என்று காட்டியவர். மனிதர் கேட்டதை வைத்தே அந்த ஓட்டையைப் பயன்படுத்தித் தாக்கும் நிரலை எழுதிப் பார்த்துவிட்டார், அதற்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம்தான் ஆனது என்று பின்னர் அவரே சொன்னார். மாநாட்டில் கேட்ட பேச்சிலிருந்தே இதைச் செய்யலாம் என்றான பிறகு ரகசியம் காத்து என்ன பயன்? அந்தச் சில நாட்களிலேயே, ஜூன் 13 அன்று, குறித்த நாளுக்கு முன்னதாகவே இன்டெல் விவரத்தை வெளியிட்டது. அந்த ஓட்டைக்குக் கொடுத்த பட்டியல் எண்ணான சிவிஇ-2018-3665 என்று தேடினால் கிடைக்கும்.

தியோவைப் பற்றி இணையத்தில் படித்தால் எந்நேரமும் சண்டைக்கு நிற்கிறவர் போலத் தோன்றும். பேச்சு காரமானதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் கேட்கத் தகுந்த காரம்.

சென்னையிலிருந்து

அண்ணே, இதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு ஓட்டையை மற்றவர்கள் அடைப்பதற்குள் மேடையில் போட்டு உடைப்பது எந்த ஊர் நியாயம்? அந்த வாரம் ராத்திரி கண்விழித்து சர்வர்களைத் திருத்தியவர்களில் நானும் ஒருவன்.

ஒட்டாவாவிலிருந்து

தம்பி, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேசியிருந்தால் தப்பு. கையெழுத்தே கேட்கவில்லையே. யாருக்குச் சொல்வது, யாரை விடுவது என்று சில நிறுவனங்கள் உட்கார்ந்து முடிவு செய்தால், விடுபட்டவர்கள் தாங்களாகக் கண்டுபிடித்ததைப் பேசத்தான் செய்வார்கள். உன் தூக்கம் போனது வருத்தம்தான்.

மியூனிக்கிலிருந்து

சண்டை நடக்கட்டும். நான் 2019 யூரோபிஎஸ்டிகானுக்குப் போகிறேன். நார்வேயின் லில்லஹாமர், 1994 குளிர்கால ஒலிம்பிக் நடந்த ஊர். செப்டம்பரிலேயே நம் ஆட்களுக்கு அது மார்கழி.

நெட்ஃபிளிக்ஸின் ட்ரூ காலட்டின் பேசினார். அவர்களுடைய வீடியோவை வீடுகளுக்கு அனுப்பும் பெட்டிகளில் ஓடுவது ஃப்ரீபிஎஸ்டி. ஒரே பெட்டியிலிருந்து நொடிக்கு 200 கிகாபிட், அதுவும் முழுக்கக் குறியாக்கம் செய்து அனுப்ப முடியுமா என்பதுதான் கேள்வி. பெட்டிக்குள் இரண்டு சிப், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நினைவகம், நடுவே ஓர் இணைப்புப் பாதை. வட்டு ஒரு பக்கம், நெட்வொர்க் கார்டு மறுபக்கம் என்று அமைந்துவிட்டால் ஒரே தரவு அந்தப் பாதையை மறுபடி மறுபடி கடக்கும்: வட்டிலிருந்து நினைவகத்துக்கு, குறியாக்கத்துக்காக சிப்புக்கு, திரும்ப நினைவகத்துக்கு, அப்புறம் கார்டுக்கு. பாதை நிரம்பினால் சிப் சும்மா காத்துக் கிடக்கும்.

அவர்கள் செய்தது, வீடியோ பார்ப்பவரின் இணைப்பு எந்தக் கார்டு வழியாக வந்ததோ அந்தப் பக்கத்து நினைவகத்திலேயே தரவை இறக்கி, அங்கேயே குறியாக்கி, அந்தக் கார்டிலேயே வெளியேற்றுவது. வட்டிலிருந்து வரும்போது அதிகம் போனால் ஒருமுறை கடக்கும், அவ்வளவுதான். நூறு சொச்சத்தில் நின்ற பெட்டி 190ஐத் தாண்டியது. கேட்கும்போது "இவ்வளவுதானா" என்று தோன்றும். இயங்குதளத்தின் கருவான கெர்னலில் எத்தனை இடத்தில் கைவைக்க வேண்டியிருந்தது என்று ஸ்லைடு ஸ்லைடாகப் பார்த்த பிறகு அப்படித் தோன்றாது. 2021இல் இதே ஆள் 400 கிகாபிட்டைப் பற்றிப் பேசினார். அதில் குறியாக்க வேலையையே நெட்வொர்க் கார்டிடம் தள்ளிவிட்டிருந்தார்கள்.

எனக்குப் பிடித்தது, வேலை செய்யாமல் போன வழிகளையும் அவர் வரைபடம் போட்டுக் காட்டியதுதான். நிறுவனத்திலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் வெற்றியை மட்டும் கொண்டுவருவார்கள்.

டோக்கியோவிலிருந்து

ஏசியாபிஎஸ்டிகான் வேறு ரகம். டோக்கியோ அறிவியல் பல்கலைக்கழகத்தில் மார்ச் மாதம் நடந்தபோது போயிருக்கிறேன். ஆய்வுக் கட்டுரையாக எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் பேச வேண்டும் என்பதால் மேடையில் வளவளப்பு குறைவு.

ஆனால் ஜப்பானின் நெட்பிஎஸ்டி ரசிகர்களைப் பார்க்க வேண்டுமே! ஷார்ப் எக்ஸ்68000, ஜௌரஸ் கைக்கணினி, சேகா ட்ரீம்காஸ்ட் என்று எதையாவது தூக்கிக்கொண்டு வந்து மேசையில் பரப்பி, அதில் இன்றைய நெட்பிஎஸ்டியை ஓடவிடுவார்கள். அவர்களில் ஒருவரிடம், இதை எதற்காகச் செய்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் நெட்பிஎஸ்டிக்காரர்களின் நேரான பதிலைச் சொன்னார். பைட் வரிசை தலைகீழாக இருக்கும் ஓர் இயந்திரத்தில், தரவு நினைவகத்தில் எந்த முகவரியில் தொடங்கலாம் என்பதில் கறாராக இருக்கும் இன்னோர் இயந்திரத்தில் ஓட்டினால், வழக்கமான பிசியில் ஒளிந்திருக்கும் பிழைகள் தானாக வெளியே வந்துவிடும். சொல்லிவிட்டு, பழைய பெட்டி ஒன்றின் மூடியைத் திறந்து மின்தேக்கிகளை எப்படி மாற்றினார் என்று காட்ட ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. பிழை பிடிப்பதைவிடப் பழைய பெட்டிகள் மேலுள்ள ஆசைதான் நிஜக் காரணம் என்று எனக்குப் பட்டது.

சிங்கப்பூரிலிருந்து

எல்லாரும் புகழ்கிறீர்கள், மறுபக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும். முதல்முறை போகிறவருக்கு இந்த மாநாடுகள் அவ்வளவு எளிதல்ல. பத்து இருபது ஆண்டுகளாகப் பழகியவர்கள் வட்டம் போட்டு நிற்பார்கள். சிரிப்புக்கெல்லாம் முன்கதை உண்டு. "சைக்கிள் ஷெட்" என்று யாரோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள், நான் விழித்தேன். 1999இல், சொன்ன நேரம் வரை காத்திருக்கும் ஸ்லீப் கட்டளை நொடியின் பின்னங்களை ஏற்கலாமா என்று ஃப்ரீபிஎஸ்டியில் நடந்த முடிவில்லாத வாக்குவாதத்தின்போது, பால்-ஹென்னிங் காம்ப் எழுதிய மடலிலிருந்து வந்ததாம். அணுமின் நிலையத்துக்குக் கேள்வியில்லாமல் ஒப்புதல் கிடைக்கும், சைக்கிள் ஷெட்டுக்கு என்ன பெயிண்ட் என்றால் ஆளாளுக்குக் கருத்துச் சொல்வார்கள் என்ற பழைய உவமை. தெரிந்துகொண்ட பிறகு எனக்கும் பிடித்திருந்தது, ஆனால் யாரும் சொல்லித் தரவில்லை.

இன்னொன்று, லினக்ஸைக் கிண்டல் செய்தால் கைதட்டு எளிதில் கிடைக்கும். அதனால்தான் பென்னோ ரைஸ் 2018 பிஎஸ்டிகேனில் பேசியதை நான் மதிக்கிறேன். லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி என்ற பெயரைக் கேட்டாலே முகம் சுளிக்கிற கூட்டம் அது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த இந்த ஃப்ரீபிஎஸ்டிக்காரர் அதே கூட்டத்தின் முன் நின்று, அது தீர்க்க முயன்ற பிரச்சினைகள் நிஜமானவை என்றார். மெஷின் எழும்போது ஒரு ஸ்கிரிப்டை ஓட்டிவிட்டு மறந்துவிடும் காலம் போய்விட்டது, ஒவ்வொரு சேவையும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஆள் வேண்டும், ஆப்பிளின் லாஞ்ச்டி அதைத்தான் செய்கிறது, வெறுப்பை ஒதுக்கிவிட்டு நாமும் கற்கலாமே என்பது அவர் வாதம். சிஸ்டம்டியை எழுதியவர்மீது இணையத்தில் கொட்டிய வசவையும் அவர் கண்டிக்காமல் விடவில்லை. சொந்த வீட்டுக்காரர்களிடம் இப்படிப் பேசத் துணிச்சல் வேண்டும்.

மாண்ட்ரியாலிலிருந்து

சிங்கப்பூர்க்காரர் சொல்வது பாதி சரி. நான் போன முதல் ஆண்டு அரங்கில் பெண்களைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. ஆனால் விடுதியில் எல்லாம் மாறிவிட்டது. ஒட்டாவாவில் பேச்சாளர்களும் வந்தவர்களும் பெரும்பாலும் பல்கலைக்கழக விடுதியிலேயே தங்குவார்கள். ராத்திரி பொதுக்கூடத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் யார் என்று மறுநாள் மேடையில் பார்த்துத்தான் தெரியும். என் வீட்டுத் தீச்சுவர் அமைப்பில் ஒரு சிக்கல் என்று புலம்பினேன். எதிரே இருந்தவர் திரையைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்து, விதிகளின் வரிசையை மாற்றிவிட்டு, "பிஎஃப்பில் கடைசியாகப் பொருந்தும் விதிதான் ஜெயிக்கும்" என்று (பிஎஃப் என்பது ஓபன்பிஎஸ்டியின் தீச்சுவர்) சொல்லிக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார். மறுநாள் பேச்சாளர் பட்டியலில் அவர் படம் இருந்தது.

பெரியவர்களில் கிர்க் மெக்குசிக்கைக் கேட்டே ஆக வேண்டும். பெர்க்லியில் மாணவராக இருந்தபோது எழுதிய கோப்பு முறைமையை இன்னும் தானே பராமரிக்கிறார். பிஎஸ்டியின் வரலாற்றை அவர் சொன்னால் நீதிமன்றக் காட்சிகூடக் கலகலப்பாகிவிடும். 1992இல் ஏடி அண்ட் டியின் யூனிக்ஸ் நிறுவனம், பிஎஸ்டியில் தங்கள் நிரல் இருக்கிறது என்று போட்ட வழக்கு 1994இல் சமரசமானது. ஏறத்தாழ 18 ஆயிரம் கோப்புகளில் நீக்கச் சொன்னது மூன்றே மூன்று! அதற்குள் இரண்டு ஆண்டு போய்விட்டது, அந்த இடைவெளியில் லினக்ஸ் வளர்ந்துவிட்டது. அந்த வழக்கு மட்டும் இல்லாதிருந்தால் என்று ஆரம்பிக்கும் பேச்சு எந்த பிஎஸ்டி சாப்பாட்டு மேசையிலும் வந்துவிடும். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை, வழக்கு மட்டுமே காரணம் என்பது சௌகரியமான கதை.

கடைசி நாள் ஏலத்தை யாரும் சொல்லவில்லையே? தொண்டு நிறுவனத்துக்காக நடக்கும். பிஎஸ்டி கையேடுகள் எழுதும் மைக்கேல் டபிள்யூ. லூகாஸ் ஏலம் விட்டால் உபயோகமில்லாத பொருளுக்கும் விலை ஏறிவிடும். எதிர்த்து ஏலம் கேட்பவரை அவர் சீண்டுவதைப் பார்ப்பதற்காகவே பலர் கிளம்பாமல் காத்திருப்பார்கள்.

கோயம்புத்தூரிலிருந்து

எனக்கு ஒட்டாவா, டோக்கியோ எல்லாம் கட்டுப்படியாகாது. வீடியோவில் பார்க்க வேண்டுமென்றால் எதிலிருந்து தொடங்கலாம்?

டொராண்டோவிலிருந்து

அநேகப் பேச்சுகள் யூடியூபில் இருக்கின்றன. முதலில் பென்னோ ரைஸ், அதற்கு நெட்வொர்க் அறிவோ கெர்னல் அறிவோ வேண்டாம். அப்புறம் பாப் பெக்கின் 2014 பேச்சு. காலட்டினுடையதைப் பார்க்கும்போது ஸ்லைடைத் தனியே இறக்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், படங்கள் வேகமாக ஓடும். ஒலித்தரம் பழைய பதிவுகளில் சுமார்தான், ஹெட்ஃபோன் போட்டுக்கொள்வது நல்லது.

அடுத்த பிஎஸ்டிகேனுக்கு யார் யார் வருகிறீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். விடுதியில் பக்கத்துப் பக்கத்து அறையாகக் கேட்டுப் பார்க்கலாம்.