புதுப்பிப்பு: லாரிப் பட்டையில் அடித்த உளி

பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் இரும்பு வெட்டும் உளி அடிக்கலாமா, தோய்ச்சல் (சூடேற்றி எண்ணெயிலோ தண்ணீரிலோ முக்கிக் கடினமாக்குவது) எப்படிப் போடுவது என்று முன்பு கேட்டிருந்தேன். உளி தயார். திருமங்கலம் பக்கத்துக் கொல்லர் ஒருவரின் உலையில், காந்தம் ஒட்டாத சூட்டையும் (சுமார் 770 டிகிரி) சற்றுத் தாண்டவிட்டு, முனையை மட்டும் எண்ணெயில் தோய்த்தோம். "தண்ணீர் வேண்டாம் தம்பி, விரிசல் விட்டுவிடும்" என்றார்.

பிறகு, கடினமான முனை நொறுங்காமலிருக்க, அதைப் பளபளவெனத் தேய்த்து, பின்னாலிருந்து சூடு காட்டினோம். சூடேற ஏற இரும்பின் மேல் தோன்றும் நிறங்களில் வைக்கோல் நிறம் முதலில் ஊர்ந்து வந்தது; ஊதா முனையைத் தொட்டதும் நிறுத்தினோம். அரிவாள் அடிக்கிறவருக்குத் தெர்மாமீட்டர் எதற்கு!

தலைப்பக்கத்துக்குத் தோய்ச்சல் கூடாது. சுத்தியல் அடியில் சில்லு தெறித்தால் கண் போய்விடும். துருவேறிய போல்ட் தலையை வெட்டியும் முனை மழுங்கவில்லை. தீட்டிய கோணம் 60 டிகிரி.