புது மீனில் வெள்ளையாகத் தெரிவதெல்லாம் ஒரே நோய் இல்லை

தொட்டியில் வளர்க்கப் புதிதாக வாங்கி வந்த மீன் கொஞ்சம் சோர்ந்தாலே மெத்திலீன் ப்ளூ என்ற நீல மருந்தை ஊற்று, கல் உப்பு போடு, ஹீட்டரை ஏற்று என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்பவர்கள்தான் அதிகம். நான் பார்த்தவரை மீன் சாவதற்கு நோயைவிட இந்த அவசரம்தான் பல நேரம் காரணம். என்ன நோய் என்று தெரியாமல் சூட்டை ஏற்றினால் ஒரு நோய் குணமாகும், இன்னொன்று ராத்திரியோடு ராத்திரியாகத் தொட்டியையே காலி செய்துவிடும். நேரில் பார்த்த சில விஷயங்களை எழுதுகிறேன், யாருக்காவது உதவினால் சந்தோஷம்.

முதலில் கடையில். சென்னையில் கொளத்தூர்ப் பக்கம் மீன் வாங்கப் போனால் நான் கலரைக் கடைசியில்தான் பார்ப்பேன். துடுப்பை விரிக்காமல் உடம்போடு ஒட்டி வைத்திருக்கிறதா, மண்ணிலோ பைப்பிலோ திடீர் திடீரென்று உரசுகிறதா, மற்றவை எல்லாம் கூட்டமாக இருக்கும்போது ஒன்று மட்டும் மேல் மூலையில் நின்று வேகமாகச் செவுளை அடிக்கிறதா, இதையெல்லாம் பார்ப்பேன். அப்புறம் கடைக்காரரிடம் ஒரு சிட்டிகை தீனி போடச் சொல்வேன், நல்ல கடைக்காரர் யாரும் இதற்கு முகம் சுளிக்க மாட்டார். தீனிக்கு ஓடி வராத மீனை விலை குறைத்துக் கொடுத்தாலும் எடுப்பதில்லை. அதே தொட்டியில் செத்த மீன் ஒன்று கிடந்தால் அந்தத் தொட்டியில் எதையும் வாங்குவதில்லை, பக்கத்துத் தொட்டியிலும் யோசிப்பேன், ஏனென்றால் வலை எல்லாவற்றுக்கும் ஒன்றேதான்.

வீட்டுக்கு வந்ததும் நேராகப் பெரிய தொட்டியில் விடுவதில்லை. அடியில் மண் எதுவும் இல்லாத சின்னத் தொட்டி, ஒரு துண்டு பிவிசி பைப், பெரிய தொட்டியில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஸ்பாஞ்ச் ஃபில்டர், இவ்வளவுதான் செலவு. இரண்டிலிருந்து நான்கு வாரம் தனியாக இருக்கட்டும். ஸ்பாஞ்ச் பழையதாக இருப்பது முக்கியம், மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியா புது ஸ்பாஞ்சில் இருக்காது, அம்மோனியா ஏறிவிடும், அதற்கு மீன் மூச்சு வாங்குவதைப் பார்த்து நோய் என்று நினைத்து மருந்து ஊற்றுபவர்கள் நிறைய. மெட்ரோ தண்ணீரில் குளோரின் இருந்தாலும் இதே கதைதான். அதனால் எந்த மருந்துக்கும் முன்னால் தண்ணீரை டெஸ்ட் செய்யுங்கள், ஒரு பகுதித் தண்ணீரை மாற்றிப் பாருங்கள்.

பார்சலில் வரும் மீன் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கவர் நீண்ட நேரம் மூடியே இருந்தால் மீன் விடும் கார்பன் டை ஆக்ஸைடு சேர்ந்து தண்ணீரின் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு) இறங்கிவிடும், அந்த நிலையில் உள்ளே சேர்ந்த அம்மோனியா அவ்வளவாக மீனைத் தாக்காது. கவரைத் திறந்ததும் பிஎச் ஏறும், அதே அம்மோனியா விஷமாகிவிடும். ஆகவே ராத்திரி முழுக்கப் பயணம் செய்து வந்த மீனை, கவரைத் திறந்து வைத்துச் சொட்டுச் சொட்டாக மணிக்கணக்கில் பழக்க வேண்டாம். மூடிய கவரை மிதக்க விட்டு வெப்பம் சரியானதும் திறந்து, மீனை மட்டும் எடுத்து விடுங்கள். கவர்த் தண்ணீர் சாக்கடைக்குத்தான்.

சரி, நோய்க்கு வருவோம். மார்கழிக் குளிரில் வாங்கிய பிளாக் மோலிகளில் வெள்ளைப் புள்ளி வந்தது. கறுப்பு மீன் என்பதால் நன்றாகவே தெரிந்தது, வால் முழுக்க ரவை தூவியது போல, ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாக, தோலிலிருந்து லேசாக மேடிட்டு. இது ஒட்டுண்ணி. மீனின் மேல் தெரியும் புள்ளி தோலுக்குள் இருப்பதால் மருந்து அதைத் தொடவே தொடாது. புள்ளி உதிர்ந்து அடியில் விழுந்து, கூடு கட்டி, அதற்குள் நூற்றுக்கணக்கில் பிரிந்து, குட்டிகள் வெளியே நீந்தும்போதுதான் மருந்தும் உப்பும் அவற்றைக் கொல்லும். அந்தக் குட்டிகளுக்கு ஒன்றிரண்டு நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் தானாகவே செத்துப்போகும். அதனால்தான் புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்தினால் மறுபடியும் வருகிறது. நான் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக 30 டிகிரிக்கு ஏற்றி, லிட்டருக்கு 2 கிராம் அளவில் அயோடின் கலக்காத கல் உப்பைத் தனியாகக் கரைத்து ஊற்றி, அடியில் தினமும் ட்யூப் வைத்து உறிஞ்சி எடுத்தேன். சூடு ஏறினால் ஆக்ஸிஜன் குறையும், ஏர் பம்ப் கூடுதலாக ஓட வேண்டும். புள்ளி போன பிறகும் ஒரு வாரத்துக்கு மேல் அப்படியே வைத்திருந்தேன், மோலிகள் தேறிவிட்டன. லோச், கோரி மாதிரி சாதாரணச் செதில் இல்லாத மீன்களுக்கு உப்பு, மருந்து இரண்டையும் பாதி அளவிலிருந்து தொடங்குங்கள்.

ஆண் கோல்ட் ஃபிஷ் பெரிதாகும்போது செவுள் மூடியிலும் முன்துடுப்பின் முன் ஓரத்திலும் மட்டும் வெள்ளை மொட்டுகள் வரும். அது இனப்பெருக்கக் காலத்து அடையாளம், நோயே இல்லை. அதற்கு மருந்து ஊற்றாதீர்கள்.

இப்போது எதிர்ப்பக்கம். சித்திரை வெயிலில் என் நண்பர் வாங்கி வந்த கப்பிகளுக்கு உதட்டைச் சுற்றி வெள்ளையாகப் பஞ்சு மாதிரி வந்தது. பூஞ்சை என்று எல்லாரும் சொன்னார்கள், ஹீட்டர் போடலாமா என்று என்னைக் கேட்டார். டார்ச் அடித்துப் பார்த்தேன். பூஞ்சை என்றால் நூல் நூலாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இது தோலோடு ஒட்டிய சாம்பல் வெள்ளைப் படலம், ஒரு மீனில் முதுகுத் துடுப்புக்குக் கீழே இரண்டு பக்கமும் சேணம் போட்ட இடம் மாதிரி வெளுத்திருந்தது. இது காலம்னாரிஸ், பாக்டீரியா. சூடு ஏற ஏற இதன் வேகம் கூடும், ஒரே நாளில் ஆளைச் சாய்க்கும். சென்னை வெயிலில் தண்ணீர் ஏற்கெனவே 30 டிகிரியைத் தாண்டியிருக்கும்போது ஹீட்டர் போட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். மூடியைத் திறந்து, ஃபேன் காற்றுப் படும்படி வைத்து, தண்ணீரை மாற்றி, உப்புப் போட்டு, கூட்டத்தைப் பிரித்தோம். மீன் நோய் தெரிந்த கால்நடை மருத்துவர் ஒருவரிடம் காட்டி ஆன்டிபயாடிக் வாங்கினார். உதடு அரித்துப்போன மீன்கள் போய்விட்டன, ஆரம்பத்தில் இருந்தவை பிழைத்தன. மெடிக்கலில் கிடைக்கிற கேப்ஸ்யூலை உடைத்துக் கொட்டும் வழக்கம் வேண்டவே வேண்டாம், அளவு தவறினால் நோயும் போகாது, ஃபில்டரும் செத்துவிடும். மாதவரத்தில் மீன்வளப் பல்கலைக்கழக வளாகத்தில் மீன் நோய் பார்க்கும் ஆய்வகம் இருக்கிறது, நிறைய மீன் வைத்திருப்பவர்கள் விசாரித்துப் பாருங்கள்.

மஞ்சள் தூசி படிந்த மாதிரி இருந்தால் அது வெல்வெட் என்ற ஒட்டுண்ணி நோய். நேராகப் பார்த்தால் தெரியாது, விளக்கை அணைத்துவிட்டுப் பக்கவாட்டில் டார்ச் அடித்தால் மின்னும். ஃபைட்டர் மீன்களில் நிறையப் பார்க்கிறேன். அந்த ஒட்டுண்ணி வெளிச்சத்திலிருந்தும் உணவு எடுக்கும் என்பதால் தொட்டியைத் துணி போட்டு மூடுவது உதவும். காப்பர் மருந்து கேட்கும், ஆனால் இறால், நத்தை இருக்கும் தொட்டியில் காப்பர் ஒரு சொட்டுகூடக் கூடாது.

கடைசியாகப் புழு. பண்ணைக் கப்பி வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள். மீன் நன்றாகத் தின்னும், ஆனால் மெலியும். அது அசையாமல் நிற்கும்போது ஆசனவாயில் சிவப்பாகச் சின்ன நூல் நுனிகள் எட்டிப் பார்க்கும், மீன் நீந்த ஆரம்பித்ததும் உள்ளே போய்விடும். இதனாலேயே பலருக்கு மாதக்கணக்கில் தெரிவதில்லை. இதற்கு உப்பும் ப்ளூவும் ஒன்றுமே செய்யாது. ஆடு மாட்டுக்குக் குடற்புழுவுக்குக் கொடுக்கும் லெவாமிசோல்தான் எனக்குக் கேட்டது, லிட்டருக்கு 2 மில்லிகிராம், இருட்டில் 24 மணி நேரம். மருந்து புழுவை மரத்துப்போகச் செய்யும், மீன் அதை வெளியே தள்ளும், உடனே அடியை உறிஞ்சி எடுத்துப் பெரிய அளவில் தண்ணீர் மாற்றவேண்டும், இல்லையென்றால் பசியில் இருக்கும் மீன்கள் அதையே தின்றுவிடும். இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி ஒருமுறை.

செவுள் புழுவுக்குப் ப்ராசிகுவான்டல் கொடுத்தவர்கள் இருந்தால், டிஸ்கஸ் குஞ்சுகள் அதைத் தாங்கினவா என்று எழுதுங்கள். என்னிடம் இப்போது உரசிக்கொண்டிருக்கும் டிஸ்கஸ் இரண்டு இருக்கின்றன, புள்ளியும் இல்லை தூசியும் இல்லை, ஒரு பக்கச் செவுளை மட்டும் மூடி வைத்து மூச்சு விடுகின்றன.