என் பெயரில் உள்ள சீதன வீட்டுக்கும் அவருடைய கையெழுத்து வேண்டுமாம்

அன்புவழிபுரத்தாள்:
உவர்மலையில் அம்மா எனக்குச் சீதனமாக எழுதிய வீடு, காணி உறுதியில் என் பெயர் மட்டும்தான். நான் திருகோணமலை, மனுசன் பருத்தித்துறை. 2014இல் இங்கேதான் கலியாண எழுத்து நடந்தது. கட்டாருக்குப் போனவர் இப்போது காசும் அனுப்புவதில்லை, கதைப்பதும் இல்லை. தையல் கடை போட வீட்டை ஈடு வைத்துக் கடன் கேட்டால், "கணவர் யாழ்ப்பாணமா? அப்ப தேசவழமை, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டம்தான் பொருந்தும், அவருடைய எழுத்துச் சம்மதம் இல்லாமல் ஏலாது" என்கிறார்கள் வங்கியில். என் அக்கா மட்டக்களப்பில் கலியாணம் செய்தவள். தன் காணியை யாரையும் கேட்காமல் போன மாதம்தான் விற்றாள். ஒரு வயிற்றில் பிறந்த எங்களுக்கு இரண்டு சட்டமா? மாமா விவாகரத்தை எடு, ஆறு மாதத்தில் முடியும் என்கிறார்.

பழைய நொத்தாரிசு குமாஸ்தா:
வங்கி சொன்னது சரி, தங்கச்சி. 1911ஆம் ஆண்டு யாழ்ப்பாணத் திருமண உரிமைகள் கட்டளைச் சட்டப்படி, தேசவழமைக்கு உட்பட்டவரைக் கட்டிய பெண்ணுக்கும் கலியாணம் நிலைக்கும் வரை அதே சட்டம்தான். வீடு உங்களுடையதே, அவருடைய சொந்தக் கடனுக்கு அதில் கை வைக்க முடியாது. ஆனால் விற்க, ஈடு வைக்க அவர் எழுதித் தரவேண்டும். அக்காவுக்கு, மணமான பெண்களின் சொத்து பற்றிய 1923ஆம் ஆண்டுச் சட்டம், அதில் இந்தக் கட்டு இல்லை. நியாயமா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன்.

வழி இருக்கிறது. கணவன் கைவிட்டுப் போனால், இருப்பிடம் தெரியாவிட்டால், காரணமில்லாமல் சம்மதம் மறுத்தால், மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட்டு அந்தச் சம்மதம் இல்லாமலே செய்ய அனுமதி கேட்கலாம். நகைக்கு இந்தத் தொல்லை இல்லை. அசையும் சொத்தை அடகு வைக்க யாருடைய கையெழுத்தும் தேவையில்லை.

நிலாவெளி அண்ணா:
அவர் கலியாணத்துக்கு முன்பே திருகோணமலையில் நிலையாகக் குடியேறிவிட்டாரா? பிறந்த ஊரை மட்டும் பார்த்துத் தேசவழமை என்று சொல்ல முடியாது. அப்போது நிரந்தர வாசம் எங்கே என்பதுதான் கேள்வி.

அன்புவழிபுரத்தாள்:
இல்லை அண்ணா. சீனக்குடாவில் வேலை செய்தார், அறை எடுத்து இருந்தார், அவ்வளவுதான். வாக்கு, வீடு எல்லாம் பருத்தித்துறையில்.

நிலாவெளி அண்ணா:
அப்ப அந்தக் கதவு சாத்தியாச்சு.

மூதூர் சட்ட மாணவி:
மாமா இந்தியச் சீரியல் பார்க்கிறார் போல, அக்கா. இங்கே பொதுச் சட்டத்தில் இருவரும் சம்மதித்தார்கள் என்பதற்காக மட்டும் விவாகரத்து கிடைக்காது. பிறர்மனை உறவு, வேண்டுமென்றே கைவிட்டுப் போதல் என்று ஏதாவது ஒன்றை நிரூபிக்க வேண்டும். முதல் தீர்ப்பு வந்தாலும் அது முடிவாக மூன்று மாதம் போகும். வாழ்க்கைச் செலவுக் காசான தாபரிப்புக்கு விவாகரத்து வரை காத்திருக்கத் தேவையில்லை. 1999ஆம் ஆண்டு 37ஆம் இலக்கச் சட்டப்படி நீங்கள் இருக்கும் ஊர் நீதவான் நீதிமன்றத்திலேயே உங்களுக்கும், பிள்ளை இருந்தால் பிள்ளைக்கும் கேட்கலாம். ஆள் கட்டாரில் என்பதால் அழைப்பாணை சேர்ப்பதுதான் பாடு. சட்டத்தரணிக்குக் காசு இல்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவில் கேளுங்கள்.

அன்புவழிபுரத்தாள்:
சரி, முதலில் நகையை வைத்து இரண்டு மெஷின் எடுக்கிறேன். மனுவுக்கு அவருடைய கட்டார் விலாசம் வேண்டும், மாமியிடம்தான் கேட்கவேண்டும். அவ தருவாவோ தெரியாது.