இரண்டரை வயதுப் பையன் எல்லாக் காகிதத்தையும் கிழிக்கிறான், என்ன செய்வது?

கேள்வி:
கையில் எது கிடைத்தாலும் கிழிக்கிறான், பிடுங்கினால் ஒரே அழுகை. கப்பல் மடித்துக் கொடுத்துப் பார்த்தேன், அதுவும் இரண்டு துண்டு. இந்த வயதில் காகிதத்தை வைத்து உருப்படியாக ஏதாவது செய்ய வைக்க முடியுமா? கத்தரிக்கோல் கொடுக்கலாமா?

பதில் 1 (மழலையர் ஆசிரியை):
கிழிக்கட்டும் விடுங்கள், அதுதான் உருப்படியான வேலை. ஒரு கை முன்னால், ஒரு கை பின்னால் போக வேண்டும், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இறுக்கிப் பிடிக்க வேண்டும். நாளைக்குப் பென்சில் பிடிப்பதும் சட்டைப் பொத்தான் போடுவதும் இதே விரல்கள்தானே. செய்தித்தாளை ஒரு பக்கமாகக் கிழித்தால் நாடா மாதிரி நேராக வரும், குறுக்கே கிழித்தால் கோணல்மாணலாக ஓடும். காகிதத்தில் இழைகள் பெரும்பாலும் ஒரே திசையில் படிந்திருப்பதுதான் காரணம். நீங்கள் சொல்லித் தராதீர்கள், அவனே கண்டுபிடிக்கட்டும். கிழிக்கலாம் என்ற காகிதத்துக்கு மட்டும் தனியாக ஒரு கூடை வையுங்கள், புத்தகங்கள் ஓரளவு தப்பிக்கும்.

பதில் 2:
கத்தரிக்கோல் கொடுக்கலாம், முனை மழுங்கியதாக, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். மெல்லிய தாள் வேண்டாம், வெட்டுப்படாமல் இரண்டு அலகுக்கும் நடுவே மடங்கிக்கொள்ளும், பிள்ளைக்குக் கோபம்தான் வரும். பழைய வாழ்த்து அட்டையை விரல் அகலத்துக்கு நறுக்கிக் கொடுத்தால் ஒரே வெட்டில் துண்டு விழும், அந்தச் சந்தோஷமே தனி. கட்டைவிரல் மேலே இருக்கிறதா என்று பாருங்கள்.

கப்பல் எல்லாம் இப்போது எதற்கு? விளிம்போடு விளிம்பு சேர்த்துப் பாதியாக மடிப்பதே மூன்று, நான்கு வயதில்தான் சுமாராக வரும். 1837-இல் முதல் மழலையர் பள்ளியைத் தொடங்கிய ஃப்ரோபெல் காகித மடிப்பைப் பாடமாகவே வைத்திருந்தார், ஆனால் அதெல்லாம் கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு. அப்புறம் ஏ4 தாள் கிடைத்தால் விடாதீர்கள். பாதியாக்கினாலும் அதே வடிவம், திரும்பப் பாதியாக்கினாலும் அதே வடிவம். நான்கைந்து வயதில் அப்பா தாள், அம்மா தாள், குட்டித் தாள் என்று அடுக்கி விளையாட அருமையாக இருக்கும்.

பதில் 3:
கடை ரசீதை மட்டும் அந்தக் கூடையில் போடாதீர்கள். வெப்பத்தில் அச்சாகும் வழவழப்பான தாள் அது, பலவற்றில் பிஸ்பீனால் வகை ரசாயனம் பூசியிருக்கும், கையில் ஒட்டும். பின் அடித்த தாளாக இருந்தால் பின்னை எடுத்துவிடுங்கள். வாயில் போடுகிற பிள்ளையா?

கேட்டவர்:
போடுவான், சின்னத் துண்டுகளை.

பதில் 3:
அப்படியானால் பெரிய தாளாகவே கொடுத்துக் கசக்கிப் பந்தாக்கி எறிய விடுங்கள். கிழிக்கும்போது கூடவே உட்காருங்கள், வாயில் ஊறிய காகித உருண்டை தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.